வேவு இலாகாவில் உத்தியோகம்

அண்மையில் நமது நண்பர் ஒருவரின் புதல்வர், பி.ஏ. தேறிய இளைஞர், நம் காரியாலயத்திற்கு வந்து ஒரு யோசனை கேட்டார். ராணுவத்தில் சேர அவருக்கு விருப்பம். அதிலும், சத்துருவைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்து அபிப்பிராயம் சொல்லும் பகுதியில் சேருவதே தம் படிப்புக்கும் சுபாவத்துக்கும் பொருந்தும் என்று கருதுகிறார். "அந்த உத்தியோகம் உண்மையில் எப்படிப்பட்டது?" என்பது அவருடைய கேள்வி. வேவு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் நம் ஜனங்களுக்கு மாறுவேஷமும் நள்ளிரவும் ரகசியக் கடிதமும் நினைவுக்கு வருகின்றன. சினிமாக்காரர்கள் செய்த உபகாரம் அது. உண்மை வேறு. அவ்விளைஞரிடம் அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறோம். ஏனெனில், இது உத்தியோகம் தேடும் ஒருவரை மட்டும் பொறுத்த விஷயமன்று. தேசத்தின் க்ஷேமத்தைப் பொறுத்த விஷயம்.

கணக்குப்பிள்ளை வேலை

வேவுத் தொழிலில் இரு பிரிவினர் உண்டு. செய்தியைக் கொண்டு வருவோர் ஒரு பிரிவினர். வந்த செய்திகளை எடைபோட்டு, சத்துருவின் பலம் எவ்வளவு, உத்தேசம் என்ன, இன்னும் எத்தனை நாளில் என்ன செய்வான் என்று சேனாதிபதிக்கு எழுதிக் கொடுப்போர் மற்றொரு பிரிவினர். ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கிய திருவள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றன் செய்தியோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றும் விதித்துப் போனார். அந்த ஒத்துப் பார்க்கும் வேலைதான் இந்த இரண்டாம் பிரிவினருடையது. அது நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலை. பெரும்பாலும் கணக்குப்பிள்ளை வேலையைப் போன்றது.

ஒட்டுக்கேட்ட கம்பியில்லாத் தந்திச் செய்திகள், ஆகாய விமானங்களும் துணைக்கோள்களும் எடுத்த படங்கள், கைதிகளின் வாக்குமூலங்கள், அந்நிய நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் நாள்தோறும் மேஜைமீது வந்து குவிகின்றன. அவற்றிலிருந்து சத்துரு சைன்யத்தைப் பற்றிய பேரேடு ஒன்றை அவர் எழுதிவர வேண்டும். எந்தப் பட்டாளம் எந்த ஊரில் இருக்கிறது, அதன் தளபதி யார், டாங்கிகள் எத்தனை, நேற்றுவரை ஆற்றங்கரையில் நின்ற பீரங்கிகள் இன்று எங்கே சென்றன, புதிதாக ஒரு பாதை வெட்டப்பட்டிருக்கிறதா, கூடாரங்கள் கூடினவா, குறைந்தனவா என்பவையே அப்பேரேட்டின் பத்திகள். மாதக்கணக்கில் ஒன்றும் நேராது. ஒன்றும் நேராத நாட்களிலும் ஏட்டை எழுதியே தீரவேண்டும். அந்த நாட்களில் எழுதி வைத்த கணக்குதான், ஏதேனும் நேரப்போகும் நாளில் வித்தியாசத்தை எடுத்துக் காட்டும்.

இவ்வளவு வேலையைப் பற்றியும் வீட்டில் மனைவியிடங்கூட ஒரு வார்த்தை பேசலாகாது. காகிதம் ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. காரியம் ஜயமானால் ஊரறியப் பாராட்டு இராது. தவறினால் விசாரணைக் கமிஷன் உண்டு. இதைவிட விசித்திரம் ஒன்றும் இருக்கிறது. அபாயம் வருகிறது என்று அவர் எச்சரித்து, சைன்யமும் உஷாராகி, அதைக் கண்டு சத்துருவும் பின்வாங்கினால், "வராத அபாயத்தை வருமென்று சொன்னவர்" என்ற பெயரே அவருக்கு மிஞ்சும். தாம் சொன்னது சரி என்பதை அவர் எந்த நாளிலும் ருசுப்படுத்த முடியாது.

ருசுவும் ஹேஷ்யமும்

வக்கீல் தொழிலில் சில காலம் பழகிய நமக்கு இந்த உத்தியோகம் ஒரு வகையில் பரிச்சயமானதாகத் தோன்றுகிறது. சாட்சியங்களைச் சேர்ப்பதும், ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதும், சந்தர்ப்ப சாட்சியத்திலிருந்து உண்மையை ஊகிப்பதும் இரண்டுக்கும் பொது. ஆனால் வித்தியாசம் பெரிது. குற்ற வழக்கில் சந்தேகத்திற்கு இடமில்லாத ருசுவை நீதிபதி கேட்பார். அது கிடைக்காவிட்டால் எதிரி விடுதலை. சாட்சி வரவில்லையென்றால் வாய்தா கேட்கலாம். வேவு ஆராய்ச்சியாளருக்கு வாய்தா கிடையாது. சத்துருவோ, பொய்ச் சாட்சியங்களைத் தயாரித்து அனுப்புவதையே தொழிலாகக் கொண்டவன். பூரண ருசு வேண்டுமென்று காத்திருந்தால் அது நிச்சயம் கிடைக்கும். பீரங்கிச் சத்தமாகக் கிடைக்கும். ஆகையால், பாதி ருசுவைக் கொண்டு முழு அபிப்பிராயம் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருக்கிறது.

அந்த அபிப்பிராயத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்பதே ஒரு பெருஞ் சங்கடம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராக இருந்து, பின்னர் அந்நாட்டு மத்திய வேவு ஸ்தாபனத்தில் பணியாற்றிய ஷெர்மன் கெண்ட் என்பவரின் அநுபவம் இங்கு நினைவுகூரத் தக்கது. 1951-இல் யூகோஸ்லாவியா தாக்கப்படலாமா என்பதைப் பற்றி அவரது குழுவினர் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். தாக்குதல் நேர்வதற்கு "கருதத்தக்க சாத்தியம் உண்டு" என்ற பொருளில் எழுதினார்கள். அதற்கு எவ்வளவு அர்த்தம் என்று ஓர் அதிகாரி பின்னர் கேட்டபோது, நூற்றுக்கு 65 பங்கு என்று தாம் எண்ணியதாகக் கெண்ட் கூறினார். சக ஆராய்ச்சியாளர்களை விசாரித்துப் பார்த்தார். ஒருவர் 20 என்று எண்ணியிருந்தார். மற்றொருவர் 80 என்று எண்ணியிருந்தார். எல்லோரும் ஒரே வாக்கியத்தில் கையெழுத்திட்டவர்கள்! வார்த்தை ஒன்று, அர்த்தம் ஆளுக்கு ஒன்று. பத்திரத்தில் ஒரு சொல் தவறினால் கட்சிக்காரருக்கு நிலம் போகும். இங்கே போவது உயிர்கள்.

நிலவறையில் ஒரு மேதை

இத்தொழிலின் ஜயத்திற்கு ஓர் உதாரணம் சொல்வோம். இரண்டாவது உலக யுத்தத்தில், ஹவாய்த் தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஜோஸப் ரோஷ்ஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரியும் அவருடைய கூட்டாளிகளும் ஜப்பானியரின் சங்கேதச் செய்திகளை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். 1942-ஆம் வருஷம் வசந்தத்தில், ஜப்பானியர் ஒரு பெரும் தாக்குதலுக்கு ஆயத்தமாகிறார்கள் என்பது தெரிந்தது. தாக்கப்படவிருந்த இடத்தை அவர்கள் இரண்டே எழுத்துக்களால் குறிப்பிட்டார்கள். அது மிட்வே தீவு என்பது ரோஷ்ஃபோர்ட்டின் கட்சி. வாஷிங்டனிலிருந்த மேலதிகாரிகள் அதை ஒப்பவில்லை.

அப்போது நிலவறைக்காரர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். குடிநீர் எடுக்கும் யந்திரம் பழுதாகிவிட்டது என்று வெளிப்படையான கம்பியில்லாத் தந்தி ஒன்றை அனுப்பும்படி, கடலடிக் கம்பி மூலம் மிட்வே தீவினருக்குச் சொல்லப்பட்டது. சிறிது காலத்தில் ஜப்பானியச் செய்தி ஒன்று அகப்பட்டது: அந்த இரண்டெழுத்து இடத்தில் குடிநீருக்குத் தட்டு! சத்துருவின் வாயாலேயே ருசு கிடைத்துவிட்டது. பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் தம் வேவு அதிகாரி லேட்டனையும் ரோஷ்ஃபோர்ட்டையும் நம்பினார். 1942 ஜூன் 4-ந் தேதி தொடங்கிய போரில் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்கள் நான்கு மூழ்கின.

ரோஷ்ஃபோர்ட்டுக்குக் கிடைத்த வெகுமதி என்ன? அவருக்கு உயர்ந்த பதக்கம் அளிக்க வேண்டுமென்று நிமிட்ஸ் சிபாரிசு செய்தார். மேலிடத்தில் அது நிராகரிக்கப்பட்டது. அவ்வருஷம் அக்டோபரில் அவர் அப்பதவியிலிருந்து மாற்றப்பட்டார். பின்னர், கப்பல்களைச் செப்பனிடும் மிதக்கும் துறை ஒன்றின் அதிபதியானார். 1976-இல் அவர் காலமானார். பதக்கம் 1986-இல் வந்தது. மேலிடத்தின் அபிப்பிராயத்திற்கு மாறாகச் சொல்லி, அது மெய்யாகவும் ஆகிவிட்டால், அந்தக் குற்றத்தை மேலிடம் எளிதில் மன்னிப்பதில்லை.

லெப்டினெண்டின் இரண்டு குறிப்புகள்

ரோஷ்ஃபோர்ட்டுக்கு ஒரு நிமிட்ஸ் கிடைத்தார். கிடைக்காதவரின் கதையை இனிப் பார்ப்போம்.

1973-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில், சூயஸ் கால்வாயின் மேற்குக் கரையில் எகிப்திய சைன்யம் பெருமளவில் குவியலாயிற்று. இது யுத்தப் பயிற்சி என்று எகிப்து கூறியது. இஸ்ரேல் ராணுவ வேவு இலாகாவும் அப்படியே நம்பியது. தெற்குப் பிராந்தியத் தலைமை நிலையத்தில் பெஞ்சமின் ஸிமன்-டோவ் என்ற இளம் லெப்டினெண்ட் ஒருவர் இருந்தார். எகிப்தியப் படை வரிசையைப் பேரேட்டில் எழுதிவருவது அவர் வேலை. அக்டோபர் 1-ந் தேதி தம் மேலதிகாரியிடம் ஒரு குறிப்பை எழுதிக் கொடுத்தார். பயிற்சி என்பது வெறும் திரை. அதற்குப் பின்னால் நடப்பது மெய்யான யுத்தத்திற்குரிய ஆயத்தமாக இருக்கலாம் என்பது அதன் சாரம். 3-ந் தேதி, காரணங்களை மேலும் எடுத்துக் கூறி இரண்டாவது குறிப்பையும் கொடுத்தார். தலைமைச் செயலகத்தின் கருத்துக்கு மாறாக இருந்ததால், அவருடைய மேலதிகாரி அவற்றை மேலே அனுப்பவில்லை. இரண்டு குறிப்புகளும் கட்டோடு கட்டாக உறங்கின.

அத்தலைமைச் செயலகத்தின் கருத்து மூடர்களின் கருத்தன்று. அதுதான் இதில் கவனிக்கத்தக்கது. இஸ்ரேலின் விமான தளங்களை எட்டக்கூடிய நெடுந்தூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும் வரையில் எகிப்து யுத்தத்திற்கு வராது. எகிப்து வராமல் சிரியா தனித்து வராது என்பது அவர்களுடைய சித்தாந்தம். எகிப்திய அரசாங்கத்தின் உள்ளரங்கிலிருந்து கிடைத்த நம்பகமான செய்திகளை ஆதாரமாகக் கொண்டது அது. ஒரு காலத்தில் சரியாகவும் இருந்தது. ஆனால், எல்லாம் கிடைக்கட்டும் என்று இனிக் காத்திருப்பதில்லை என 1972-லேயே அதிபர் சாதாத் தீர்மானித்துவிட்டார். சத்துருவின் மனம் மாறியது, சித்தாந்தம் மாறவில்லை.

மேலும், 1973 மே மாதத்தில் யுத்த பீதி ஒன்று கிளம்பி, சைன்யம் பெருஞ் செலவில் உஷார்ப்படுத்தப்பட்டது. யுத்தம் வராது என்று அப்போது சொன்னவர் வேவு இலாகாத் தலைவர் மேஜர் ஜெனரல் எலி ஸெய்ரா. யுத்தம் வரவில்லை. அவர் வாக்குக்கு மதிப்பு உயர்ந்தது. ஒரு முறை சரியாகச் சொன்னவர் மறுமுறையும் சரியாகவே சொல்வார் என்ற நம்பிக்கையைப் போல அபாயகரமானது வேறில்லை.

அக்டோபர் 4, 5 தேதிகளில், எகிப்திலும் சிரியாவிலும் இருந்த சோவியத் ஆலோசகர்களின் குடும்பங்கள் அவசரமாக விமானங்களில் ஏற்றி அனுப்பப்பட்டன. கால்வாய்க் கரையில் என்றுமில்லாத அளவு பீரங்கிகள் நிற்பதை விமானப் படங்கள் காட்டின. 5-ந் தேதி வேவு இலாகா வெளியிட்ட அறிக்கையில் யுத்தத்திற்கான அறிகுறிகள் பத்தி பத்தியாக அடுக்கப்பட்டிருந்தன. கடைசிப் பத்தியில் மட்டும், எகிப்து யுத்தம் தொடங்கும் சாத்தியம் குறைவு என்று எழுதப்பட்டிருந்தது. சாட்சியம் முழுவதும் ஒரு பக்கம். தீர்ப்பு மற்றொரு பக்கம்!

மறுநாள் யூதர்களின் மகா விரத நாள். பிற்பகல் இரண்டு மணிக்கு எகிப்தும் சிரியாவும் ஏககாலத்தில் தாக்கின. கால்வாய்க் கரை அரண்களில் இருந்த இஸ்ரேலியர் ஐந்நூறு பேருக்கும் குறைவு. முதல் அலையில் மட்டும் ஆயிரக்கணக்கான எகிப்தியர் படகுகளில் கடந்தனர். அந்த யுத்தத்தில் இஸ்ரேலியர் 2,600 பேருக்கு மேல் மாண்டனர். எதிர்ப் பக்கத்தில் மாண்டோர் அதனினும் பன்மடங்கு.

நீதிபதிகள் கண்டது

இஸ்ரேலின் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஷிமோன் அக்ரானத் தலைமையில் நியமிக்கப்பட்ட விசாரணைக் கமிஷன் 1974 ஏப்ரலில் தன் முதல் அறிக்கையைத் தந்தது. அவ்விசாரணையின் போதுதான் அந்த லெப்டினெண்டின் குறிப்புகள் வெளிச்சத்துக்கு வந்தன. அப்படி இரு காகிதங்கள் இருந்தன என்பது வேவு இலாகாத் தலைவருக்கே அதுவரையில் தெரியாது. ஸெய்ராவும் வேறு சில வேவு அதிகாரிகளும் அவ்வேலையில் நீடிக்கத் தகாதவர்கள் என்று கமிஷன் கண்டது. பிரதான சேனாதிபதி எலாஸார் விலகினார். பிரதம மந்திரி கோல்டா மெய்ரும் அதே மாதத்தில் ராஜிநாமா செய்தார்.

அதன்பின் அந்நாட்டார் நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்தனர். இலாகாவின் பொது முடிவுக்கு எதிர்க்கட்சி பேசுவதற்கென்றே ஒரு தனிப் பிரிவை வைத்தனர். கீழ்நிலை ஆராய்ச்சியாளரும் தம் மாறுபட்ட அபிப்பிராயத்தை மேலிடத்திற்கு எழுதலாம் என்று வழி செய்தனர். ஆனால், ஏற்பாடு இருந்துவிட்டால் போதுமா? 1973 யுத்தம் தொடங்கி ஐம்பது வருஷமும் ஒரு நாளும் ஆனபோது, 2023 அக்டோபர் 7-இல், ஹமாஸ் இயக்கத்தார் காஸா எல்லையைக் கடந்து தாக்கினர். சுமார் 1,200 பேர் மாண்டனர். அதைத் தொடர்ந்த யுத்தத்தில் காஸாவில் மாண்டோர் பல்லாயிரவர். அத்தாக்குதலுக்கான திட்டம் சுமார் 40 பக்கத் தஸ்தாவேஜாக ஒரு வருஷத்திற்கு முன்பே இஸ்ரேலியர் கையில் இருந்ததென்றும், ஹமாஸின் பயிற்சி அத்திட்டத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது என்று 2023 ஜூலையில் வேவுப் பிரிவு ஆராய்ச்சியாளர் ஒருவர் எச்சரித்தாரென்றும், கர்னல் ஒருவர் அதை வெறுங் கற்பனை என்று ஒதுக்கினாரென்றும் அவ்வருஷ நவம்பரில் பத்திரிகைகள் வெளியிட்டன. வேவு இலாகாத் தலைவர் 2024 ஏப்ரலில் பொறுப்பேற்று ராஜிநாமா செய்தார். தங்கள் சரித்திரத்தில் ஒரு முறை இதே பாடத்தை உதிரத்தால் எழுதிப் படித்தவர்களே மறந்தார்கள் என்றால், மற்றவர்கள் எம்மாத்திரம்?

கார்கில் பாடம்

அயலார் கதை இருக்கட்டும். நம் வீட்டுக் கதைக்கு வருவோம். 1999 மே மாதத் தொடக்கத்தில், கார்கில் மலைகளில் அந்நியர் நடமாட்டத்தை முதலில் கண்டு சொன்னவர்கள் ஆடு மேய்ப்பவர்கள். பின்னர் நடந்த போரில் நம் வீரர் 527 பேர் உயிர் நீத்தனர். எவ்வாறு ஏமாந்தோம் என்பதை ஆராய நம் சர்க்கார் ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவர் கே. சுப்ரமண்யம், திருச்சிராப்பள்ளியில் பிறந்த தமிழர். அவ்வறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, 2000-இல் பார்லிமெண்டில் வைக்கப்பட்டது.

பனி மூடிய அச்சிகரங்களில் பெரும் படை ஏறி நிலைத்துப் போரிட முடியாது என்ற அனுமானம் நம்மவர்களுக்கு இருந்தது. எல்லைக்கு அப்பால் நடக்கும் ஆயத்தங்களைப் பற்றி 1998 ஜூனிலேயே ஒரு வேவு ஸ்தாபனத்தின் தலைவர் பிரதம மந்திரி முதலானோருக்கு எழுதியிருந்தார். ஆனால், அதை மற்றச் செய்திகளோடு ஒத்துப் பார்க்க வேண்டிய கடமை எவருடையதோ அவர்களுக்கு அது அனுப்பப்படவில்லை. செய்தி சேகரிக்கும் ஸ்தாபனங்கள் பல இருந்தன. சேகரித்ததை ஓரிடத்தில் வைத்து எடைபோடும் ஏற்பாடு பலவீனமாக இருந்தது. பின்னர் 2002 மார்ச்சில், முப்படைகளுக்கும் பொதுவான பாதுகாப்பு வேவு ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஸ்தாபனம் என்பது கட்டடமும் மேஜையும் அன்று. அங்கே அமர்ந்திருப்பவரின் வார்த்தைக்கு உள்ள மதிப்புத்தான் ஸ்தாபனம்.

ஆகையால் நாம் மூன்று விஷயங்களை வற்புறுத்துகிறோம். ஆராய்ச்சியாளர் ஒருவர் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினால், அதைத் தள்ளிவிட மேலதிகாரிக்கு உரிமை இருக்கலாம். மறைத்துவிட உரிமை இருக்கலாகாது. நீதிமன்றத்தில் பெரும்பான்மைத் தீர்ப்போடு மாறுபட்ட நீதிபதியின் தீர்ப்பும் சேர்ந்தே வெளிவருவதுபோல, இதுவும் சேனாதிபதியின் மேஜைக்குச் செல்ல வேண்டும். இரண்டாவதாக, இவ்வேலையை இரண்டொரு வருஷம் தங்கிச் செல்லும் சத்திரமாக நடத்தலாகாது. பேரேட்டை வருஷக்கணக்கில் எழுதியவருக்கே வித்தியாசம் கண்ணில் படும். மூன்றாவதாக, நல்லெண்ணத்துடன் தவறாக எச்சரித்தவரைத் தண்டிக்கலாகாது. ஒருவரைத் தண்டித்தால், அவரைப் பார்த்துப் பத்துப் பேர் வாயடைத்துப் போவார்கள். கண்ட செய்தி மூளைக்குச் செல்லும் நரம்பு அறுந்திருந்தால், ஆயிரம் கண்ணுடையவனுக்கும் குருடனுக்கும் பேதம் என்ன?

இளைஞருக்கு நமது யோசனை

அவ்விளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "தம்பி! கீர்த்தியை விரும்பினால் இந்த உத்தியோகம் வேண்டாம். சீக்கிரம் பதவி உயர வேண்டுமென்றாலும் வேண்டாம். அயல் நாட்டுப் பாஷை ஒன்றைப் பழுதறக் கற்றுக்கொள். அந்த ஜனங்களின் சரித்திரத்தைப் படி. இவை பாதி யோக்கியதை. உன்னைவிட வயதிலும் அநுபவத்திலும் உயர்ந்த பத்துப் பேர் ஓர் அபிப்பிராயத்தில் இருக்கும்போது, 'எனக்கு அப்படித் தோன்றவில்லை; காரணங்கள் இவை' என்று பணிவுடன் எழுதிக் கையெழுத்திடும் தைரியம் மற்றப் பாதி. அதையே உன் சொந்த அபிப்பிராயத்தின் மேலும் பிரயோகிக்க வேண்டும். நேற்று நீ எழுதியது இன்று பொய்யாகிவிட்டதா என்று தினமும் காலையில் கேட்டுக்கொள். இது இரண்டும் உன்னிடம் இருந்தால் போய்ச் சேர்."

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "நான் எழுதுகிறேன் ஸார், மேலே வாசிப்பார்களா?" என்று கேட்டார். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல வேண்டியவர்கள் சர்க்காரும், சைன்யத் தலைவர்களும், அவர்களைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்ற பார்லிமெண்ட் அங்கத்தினர்களுமே. அவ்விளைஞர் மனுப் போடத் தீர்மானித்திருக்கிறார். அவர் என்றேனும் ஒருநாள் எழுதப்போகும் குறிப்பு கட்டில் உறங்காதபடி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, எல்லையில் பிள்ளைகளை நிறுத்தியிருக்கும் இந்தத் தேசத்தார் அனைவரையும் சேர்ந்தது.